சொந்தத்துக்குள் சேதி சொல்வதும் பழைய நினைவைச் சேர்ப்பதும்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம், வில்லியனூரில் இருக்கும் பெரியத்தையைப் பார்க்கக் கடலூரிலிருந்து பஸ் ஏறினேன். கையில் பழத்தோடு மூன்று சேதிகளும் இருந்தன. மஞ்சக்குப்பம் சித்தப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடி முடிந்தது. அண்ணன் மகள் நர்சிங் படிப்பில் சேரப்போகிறாள். பாகூரில் ஆயா (எங்கள் பாட்டி) பிறந்த வீட்டுக் கிணற்றைத் தூர் வாரியிருக்கிறார்கள், தண்ணீர் இன்னும் இனிப்பாகத்தான் இருக்கிறது.

மூன்றாவதைச் சொன்னதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். கோடை லீவுக்கு அந்த வீட்டுக்குப் போன கதை, கிணற்றில் வெண்கலச் சொம்பு விழுந்த கதை, அதை எடுக்க இறங்கிய பெரிய மாமா, அந்த மாமா பிறகு வியட்நாமில் உள்ள சைகோனுக்குப் போனது என்று ஒரு மணி நேரம் ஓடியது. நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பழைய நினைவைத் தேடிப் போகிறவர்கள் வெறும் கையோடு போகக் கூடாது என்று அன்று புரிந்தது. இன்றைய சேதி ஒன்றைக் கொடுத்தால் பழைய சேதி தானாக வரும். சேதி சொல்வதும் நினைவு சேர்ப்பதும் இரண்டு வேலை மாதிரித் தெரிந்தாலும் கொடுக்கல் வாங்கல் ஒன்றுதான். கீழே எழுதியிருப்பதெல்லாம் கடலூர், புதுச்சேரி பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து, நான் செய்து பார்த்தவை.

முதல் வாரம்

200 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். போனிலேயே எழுதலாமே என்று தோன்றும். பெரியவர்கள் முன்னால் போனைத் தட்டிக்கொண்டிருந்தால் நம் கவனம் வேறெங்கோ இருக்கிறது என்று பேச்சை நிறுத்திவிடுவார்கள். நோட்டில் எழுதினால், நாம் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து அடுத்ததைச் சொல்வார்கள்.

முதல் பக்கத்தில், உயிரோடு இருக்கும் சொந்தங்களில் வயதில் மூத்த பத்துப் பேரின் பெயரை எழுதுங்கள். பெயருக்கு எதிரே எந்த ஊர், காது கேட்கிறதா, போனில் பேசுவாரா நேரில்தான் பேசுவாரா, கூட யார் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வயதையும் உடம்பையும் பார்த்து வரிசை போடுங்கள். யார் நமக்கு நெருக்கம், யார் வீடு பக்கம் என்று பார்த்து வரிசை போடாதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்தேன். மஞ்சக்குப்பம் பக்கம்தானே என்று சித்தப்பாவிடமே நாலு முறை போய் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் பண்ருட்டியில் இருந்த சின்ன ஆயாவுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்துவிட்டது. கடைசியாகப் போனபோது என்னை என் அப்பா என்று நினைத்துப் பேசினார். ஆயாவின் பிள்ளைப் பிராயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அது இனி யாருக்கும் கிடைக்காது.

இரண்டாவது பக்கத்தில் வம்சக் கொடி. இதில் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். முதலாவது பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம், பேரன் என்ற சொல்லே பெயரன்தான். அதனால் ஒரே பெயர் நாலு தலைமுறையில் மூன்று முறை வரும். பெயரோடு ஊரையோ வேலையையோ சேர்த்து எழுதினால் குழப்பம் இல்லை: பாகூர் தாத்தா, ரயில்வே தாத்தா, முந்திரித்தோப்புத் தாத்தா. இரண்டாவது, பெண்கள். பல வீடுகளில் வம்சக் கொடி என்று எழுதி வைத்திருப்பதில் ஆண்கள் பெயர் மட்டும்தான் இருக்கும், மருமகளாக வந்தவர்கள் வெறும் ‘மனைவி’ என்று நிற்பார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் பிறந்த வீடு எது, புகுந்த வீடு எது என்று இரண்டையும் எழுதுங்கள். பாதிக் குடும்பம் அந்த வழியில்தான் இருக்கிறது.

மொய் நோட்டும் மற்றவையும்

ஆவணம் என்றதும் எல்லோரும் தாலுகா ஆபீஸ் பக்கம் ஓடுகிறார்கள். வீட்டுப் பரணில் இருப்பதை முதலில் பாருங்கள்.

என் கணக்கில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது மொய் நோட்டு. ஒரு கல்யாணத்தன்று சொந்தம் என்று யார் யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் வரிசையாக அதில் இருக்கும். திருப்பிச் செய்ய வேண்டுமே என்று கவனமாக எழுதியது, அதனால் தப்பு குறைவு. எங்கள் அப்பா கல்யாணத்து மொய் நோட்டில் 200க்கு மேல் பெயர். குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம், அரியாங்குப்பம், பரங்கிப்பேட்டை என்று ஊர் வாரியாகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். ‘காரைக்கால் பெரியப்பா, 21 ரூபாய்’ என்று ஒரு வரி. மற்றவர்கள் 2 ரூபாய், 5 ரூபாய் எழுதிய இடத்தில் 21 ரூபாய் எழுதிய அந்த மனிதர் யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தேடிப் போனதில் ஆயாவின் பெரியப்பா வழியில் ஒரு கிளையே காரைக்காலில் இருப்பது தெரிந்தது. இப்போது அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் போகிறோம்.

அடுத்து, பழைய கல்யாணப் பத்திரிகைகளும் கருமாதிப் பத்திரிகைகளும். கருமாதிப் பத்திரிகையில் மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு தலைமுறையே அச்சில் இருக்கும், இறந்த தேதியும் இருக்கும். இவற்றை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. எங்காவது கண்ணில் பட்டால் உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு இருக்கும். ஞானப்பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அவர்கள் நெருங்கிய சொந்தமாகவோ பக்கத்து வீட்டாராகவோ இருப்பார்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு உண்டு. இந்துக் குடும்பங்களில் பூர்வீக ஊர் மறந்துபோயிருந்தால் குலதெய்வம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஊரை விட்டு வந்து நாலு தலைமுறை ஆனாலும் காதுகுத்த அங்கேதான் போவார்கள். அந்தக் கோயில் பூசாரியிடம் பேசினால் ‘உங்க பங்காளிங்க இன்னும் மூணு ஊர்ல இருக்காங்க’ என்று சொல்லிவிடுவார். நெய்வேலியில் 1956இல் நிலக்கரி நிறுவனம் வந்தபின் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட ஊர்களின் குடும்பங்களுக்கு, போய்ப் பார்க்க ஊரே இல்லை. அவர்களுக்கு இந்தக் குலதெய்வத் தொடர்பும் பெரியவர்கள் பேச்சும்தான் கைப்பிடி.

கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா இவற்றையெல்லாம் கடைசியாகக் கேளுங்கள். பழைய பத்திரத்தில் இன்னார் மகன் இன்னார் என்ற விவரமும் நான்கு எல்லையில் யார் நிலம் என்ற விவரமும் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ‘பத்திரம் இருக்கா’ என்ற கேள்வியோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், பங்கு கேட்க வந்திருக்கிறான் என்றுதான் தோன்றும். எனக்கே நடந்தது. ஒரு உறவினர் வீட்டில் இரண்டாவது சந்திப்பிலேயே பட்டாவைக் கேட்டேன், அதோடு அவர் ஆறு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. குடும்பக் கதைக்காகத்தான் கேட்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் முன்னாலேயே பார்த்துக் குறிப்பு மட்டும் எடுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று ஒருபோதும் கேட்காதீர்கள்.

பேச உட்காரும்போது

‘உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க’ என்று கேட்டால் ‘என்னத்தைச் சொல்ல, வந்தோம் இருந்தோம்’ என்றுதான் பதில் வரும். வீட்டிலிருந்து தொடங்குங்கள். ‘உங்க சின்ன வயசுல வாசப்படி ஏறினா முதல்ல என்ன வரும்?’ என்று கேட்டு நோட்டில் படம் போடுங்கள். தெருவோரத் தாழ்வாரம், திண்ணை, கூடம், முற்றம், சமையற்கட்டு, கிணற்றடி, தோட்டம். நாம் கோடு போடுவதைப் பார்த்ததும் ‘இல்ல இல்ல, உரல் இந்தப் பக்கம்’ என்று திருத்த ஆரம்பிப்பார்கள். அந்தத் திருத்தத்தில் ஆட்கள் வருவார்கள். அந்தத் திண்ணையில் யார் படுப்பார்கள், முற்றத்தில் யாருக்குப் பிரசவம் ஆனது, தோட்டத்துப் பலா மரம் யார் வைத்தது.

கை வேலையாக இருக்கும்போது பேச்சு இன்னும் நன்றாக வரும். வெயில் காலத்தில் சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டுத் தாளிப்பு வடகம் உருட்டுவார்கள் இல்லையா, அப்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் உருட்டுங்கள். எங்கள் வீட்டில் வடகம் உருட்டும்போது கேட்டவைதான் ஆயாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி. அளவையும் பக்குவத்தையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள், கைப்பக்குவமும் நினைவுதான்.

பதிவு செய்வதென்றால் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒளித்து வைத்துப் பதிவு செய்வது வேண்டாம், பிறகு தெரிந்தால் அந்த நம்பிக்கை திரும்பாது. போனில் அழைப்பு வராதபடி ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். மின்விசிறிக்குக் கீழே வைத்தால் விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும், மடித்த துண்டின் மேல் அவர்கள் பக்கமாக வையுங்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், யார் பேசுகிறார் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். 40 நிமிஷம் போதும். களைப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் வேறொரு சேதியோடு போகலாம்.

எழுதும்போது அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள். ‘பேசிகினு இருந்தோம்’ என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் நாளை படிக்கும்போது குரல் கேட்க வேண்டும். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள்.

வருஷம் கண்டுபிடிப்பது

பெரியவர்களிடம் வருஷம் கேட்டால் கிடைக்காது. எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டால் கிடைக்கும். நான் ஒரு சின்ன அட்டையில் இவற்றை எழுதி நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்: சுதந்திரம் 1947, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது 1954 நவம்பர் 1, இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965, அண்ணா மறைவு 1969 பிப்ரவரி 3, எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர் 24, சுனாமி 2004 டிசம்பர் 26, தானே புயல் 2011 டிசம்பர் 30. ‘அண்ணா செத்தப்ப என் மூத்தவன் கைக்குழந்தை’ என்று ஒரு வரி கிடைத்தால் போதும்.

ஜாதகம் இருந்தால் இன்னும் நல்லது. அதில் தமிழ் வருஷம், மாதம், கிழமை, நட்சத்திரம் எல்லாம் இருக்கும். தமிழ் வருஷங்கள் 60, பிரபவ முதல் அட்சய வரை, 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். கடைசியாகப் பிரபவ தொடங்கியது 1987 சித்திரையில், அதற்கு முன் 1927இல். இதை வைத்து எண்ணிக்கொள்ளலாம். பெரியத்தையின் ஜாதகத்தில் சர்வசித்து வருஷம் மாசி மாதம் என்று இருந்தது. சர்வசித்து 21ஆவது வருஷம், அதாவது 1947 சித்திரையில் தொடங்கியது. மாசி மாதம் வரும்போது ஆங்கில ஆண்டு மாறியிருக்கும், ஆகவே அத்தை பிறந்தது 1948. இந்த இடத்தில்தான் பலர் ஒரு வருஷம் தவறுகிறார்கள். தை, மாசி, பங்குனி என்றால் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். மார்கழி என்றால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், தேதியையும் பார்க்க வேண்டும். பள்ளிச் சான்றிதழ் தேதியை நம்பி எழுதாதீர்கள், அந்தக் காலத்தில் சேர்க்கும் வயது வரட்டும் என்று தலைமை ஆசிரியரே போட்ட தேதிகள் நிறைய.

இறந்த நாள் தேதியாக நினைவிருக்காது, திதியாக நினைவிருக்கும். ‘ஆடி வளர்பிறை துவாதசி’ என்று சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். வருஷம் தெரிந்துவிட்டால் பழைய பஞ்சாங்கத்தை வைத்துத் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

கடிதங்களுக்கும் ஒரு வழி உண்டு. முகவரியில் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. அணாவில் விலை அச்சிட்ட தபால் அட்டை 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன் அச்சானது. ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்று எழுதியிருந்தால் கடலூர், விழுப்புரம் என்று 1993இல் பிரிவதற்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் பிரிந்த பிறகும் பழக்கத்தில் அப்படியே எழுதியவர்கள் உண்டு, இதை மட்டும் நம்ப வேண்டாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இன்று 22 கிலோமீட்டர் பஸ் பயணம். எங்கள் ஆயா கல்யாணமாகி வந்த காலத்தில் பாகூர் பிரெஞ்சுக்காரன் கையில், கடலூர் வெள்ளைக்காரன் கையில். சீர் சாமான் ஏற்றிய மாட்டு வண்டியை எல்லையில் நிறுத்திச் சோதனை போட்டதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குடும்பத்தின் பாதி ஒரு ராஜ்ஜியத்திலும் மறுபாதி இன்னொரு ராஜ்ஜியத்திலும் இருந்ததால், இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தேடும் இடமும் இரண்டு.

பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு ஒழுங்காக நடந்தது. திருமணப் பதிவில் மணமக்களின் வயது, தொழில், பெற்றோர் பெயர், சாட்சிகள் பெயர் வரை இருக்கும். நகலுக்கு அந்தந்தக் கொம்யூன் பஞ்சாயத்து அல்லது நகராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். பிரான்ஸ் குடியுரிமை பெற்றவர்களின் பதிவுகளுக்குப் பிரான்சில் நாந்த் நகரத்தில் உள்ள மத்திய அலுவலகம், மிகப் பழைய காலனி ஆவணங்களுக்கு எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்தில் உள்ள காப்பகம். தேடும்போது பெயரின் எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தால் எழுதும் ‘உ’ ஒலிக்குப் பிரெஞ்சில் இரண்டு எழுத்து போடுவார்கள். ஒரே பெயர் மூன்று பதிவில் மூன்று விதமாக இருக்கும், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

சில குடும்பங்களில் தாத்தாவின் அப்பாவுக்கு திடீரென்று ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் முளைத்திருக்கும். 1881 ஆணைப்படி, தம் குலவழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொண்டார்கள். அதற்கு முந்திய தலைமுறையைத் தமிழ்ப் பெயரில்தான் தேட வேண்டும். 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று வழி இருந்தது. அண்ணன் எழுதிக் கொடுத்திருப்பார், தம்பி கொடுத்திருக்க மாட்டார். இன்று அண்ணன் பேரன் பாரீஸ் பக்கம், தம்பி பேரன் புதுச்சேரி முத்தியால்பேட்டையில். யார் எழுதிக் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்ற கேள்வி பல வீடுகளில் இன்னும் கனமானது. மெதுவாகக் கேளுங்கள்.

‘சொல்தா வீடு’ என்று தெருவில் பெயர் வாங்கிய வீடுகள் இருக்கும், பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர்கள் வீடு. அங்கே சைகோன் ஸ்டுடியோ முத்திரை போட்ட படங்களும் கடிதங்களும் கிடைக்கலாம். உறையைத் தூக்கிப்போடாதீர்கள், தேதியும் ஊரும் தபால் முத்திரையில்தான் இருக்கும்.

படங்கள்

வெளிச்சமான ஜன்னல் ஓரத்தில், பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். முன்பக்கம் எடுத்தபின் பின்பக்கத்தையும் எடுங்கள். பின்னால் பேனாவால் எழுதினால் மை முன்னால் ஊறும், மென்மையான பென்சிலால் எண் மட்டும் போட்டு, விவரத்தை நோட்டில் எழுதுங்கள். இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதுவது நல்லது. ‘நடுவில் இருப்பவர் அத்தை’ என்று எழுதினால் இருபது வருஷம் கழித்து எந்த அத்தை என்று கேட்பார்கள்.

இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுனாமியிலும், 2015 வெள்ளத்திலும், 2024 ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணை பெருகியபோதும் எத்தனையோ வீட்டு ஆல்பங்கள் நனைந்து போயின. நனைந்த படங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற விட்டால் தானாகப் பிரியும். சேற்றை அலசி, படத்தின் முகம் மேலே இருக்கும்படி துணியில் பரப்பி நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். மழைக்காலம் வருவதற்கு முன், புரட்டாசியிலேயே எல்லாப் படத்தையும் போனில் எடுத்து முடித்துவிடுங்கள். வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தத்துக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

குழுவில் சேதி போடுவது

எல்லோர் வீட்டிலும் இப்போது வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் ஒரு சாவுச் சேதி காணாமல் போன வீடும் இருக்கிறது. அதனால் சேதிக்கென்று தனியாக ஒரு குழு வையுங்கள், அதில் சேதி மட்டும்.

சாவுச் சேதியை முதலில் குழுவில் போடக் கூடாது. உடன் பிறந்தவர்கள், பெற்ற பிள்ளைகள், சம்பந்தி வீடு, இவர்களுக்குக் குரலில் சொன்ன பிறகுதான் எழுத்து. எழுதும்போது இறந்தவர் யாருடைய மகள், யாருடைய மனைவி, எந்த ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், வீட்டுக்கு வழி, விசாரிக்க ஒரு ஆள், இவ்வளவும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும். ‘சித்தி தவறிவிட்டார்’ என்று மட்டும் எழுதினால், பத்துப் பேருக்குப் பத்துச் சித்தி. உடலின் படத்தைப் போடாதீர்கள்.

உடம்பு சரியில்லை என்ற சேதி சம்பந்தப்பட்டவர் சம்மதித்தால் மட்டும். கர்ப்பம், பெண் பார்த்த விவரம், ஜாதகம், ஆதார் அட்டை, பத்திரம் எதுவும் குழுவுக்கு வேண்டாம். ஒரு படம் எங்கெங்கோ போய்விடும்.

பிரான்சில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், படிக்க வராது. அவர்களுக்குக் குரல் பதிவு அனுப்புங்கள், இரண்டு நிமிஷத்துக்குள். நமக்கு இரவு எட்டு மணி என்றால் அங்கே குளிர்காலத்தில் மாலை மூன்றரை, கோடையில் நாலரை. அவர்களை வைத்தே பழைய பிரெஞ்சுப் பதிவுகளைப் படிக்கச் சொல்லலாம். எங்கள் காரைக்கால் பெரியப்பாவின் திருமணப் பதிவைப் படித்துச் சொன்னது பாரீஸ் பக்கம் இருக்கும் பதினேழு வயதுப் பெண். அன்றிலிருந்து குழுவில் அவள் குரல்தான் அதிகம்.

வாரம் ஒரு பழைய படத்தைப் போட்டு ‘இது யார், எங்கே?’ என்று மட்டும் கேளுங்கள். சும்மா இருந்தவர்கள் கூடப் பதில் சொல்வார்கள். வந்த பதிலை அன்றே நோட்டில் ஏற்றிவிடுங்கள்.

சொல்ல விரும்பாதவை

இரண்டாம் தாரம், தத்து, ஓடிப்போய்ச் செய்த கல்யாணம், வேறு சாதியில் செய்ததால் விலக்கி வைத்தது, பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி. எந்த வீட்டையும் தோண்டினால் இதில் ஒன்றாவது வரும். பெரியவர் ‘இதை எழுதாதே’ என்றால் எழுதாதீர்கள், பேனாவை மூடி அவர் பார்க்கும்படி கீழே வையுங்கள். விலக்கி வைக்கப்பட்டவர்களின் பெயரை மட்டும் வம்சக் கொடியில் விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு அத்தையின் பெயரை நாற்பது வருஷம் யாரும் சொன்னதில்லை. கொடியில் அவர் பெயரைப் போட்ட படத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, ‘அதுக்கு மல்லாட்டைன்னா உசுரு’ என்றார். மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. அந்த வார்த்தையையும் எழுதி வைத்திருக்கிறேன்.

திருப்பிக் கொடுப்பது

சேர்த்ததை நாமே வைத்துக்கொண்டால் சொந்தங்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரு வருஷத்தில் கையில் இருப்பதைச் சின்னப் புத்தகமாக்குங்கள், 40 பக்கம் போதும். ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுக் கொடுப்பார்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். முதல் பிரதி யார் கதை அதிகம் இருக்கிறதோ அவருக்கு, அவர் கையில், நேரில். படிக்கக் கண் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். எல்லோரும் கூடும் நாளாகப் பாருங்கள். எங்களுக்குத் தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா வசதி, பெண்ணையாற்றுக்கு எப்படியும் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் மூன்று விரல் இடம் விட்டு அச்சிடுங்கள், திருத்தம் எழுதுவதற்கு. போன தையில் எங்கள் புத்தகத்தை வாசித்தபோது கிணற்றுக் கதையில் பெரியத்தை நிறுத்தச் சொன்னார். பென்சிலை வாங்கி ‘வெண்கலச் சொம்பு’ என்பதை அடித்து, ஓரத்தில் ‘பித்தளை’ என்று எழுதினார். புத்தகம் சுற்றி என்னிடம் திரும்பி வந்தபோது அதற்குக் கீழே சித்தப்பா கையெழுத்தில் ‘வெண்கலமேதான்’ என்று இருந்தது. அடுத்த பதிப்பில் இரண்டையும் போடப்போகிறேன், அவரவர் பெயரோடு.